சேவலுக்கு அளந்த தீனி

பொள்ளாச்சி வரைக்குமா? நல்லதாயிற்று. பையை மேலே வைத்துவிடுங்கள் சார், கீழே வைத்தால் கோமங்கலம் திருப்பத்தில் அதுவாகவே டிரைவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஜன்னல் உங்களுக்கே இருக்கட்டும். எனக்குக் காற்று வேண்டாம். காற்று முகத்தில் அடித்தால் பசிக்கிறது.

நான் பொண்டாட்டியைக் கூட்டிவரப் போகிறேன். அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இந்த பஸ்ஸில் வருகிறேன் என்று அண்ணனுக்குப் போனில் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். வருவாளா என்று தெரியாது. வரவில்லை என்றால் என்ன செய்வதென்றும் தெரியாது. ருக்குமணி என்று பெயர். இருபத்தேழு வருஷத்தில் அவள் கோபித்துக்கொண்டு போனது இதுதான் முதல் தடவை. அதுவும் கோபித்துக்கொள்ளாமலே போனாள். அதுதான் பயமாக இருக்கிறது.

என் பெயர் சென்னியப்பன். உடுமலைக்கு வடக்கே பண்ணை. கோழிப் பண்ணை என்றதும் எல்லோரும் கறிக்கோழியா முட்டைக்கோழியா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. தாய்க்கோழிப் பண்ணை. நீங்கள் கடையில் வாங்குகிற கறிக்கோழிக்கு அப்பன் ஆத்தாள் என்று யாராவது இருக்க வேண்டுமே? அதுகளை நான் வளர்க்கிறேன். பெட்டையையும் சேவலையும் ஒன்றாக விட்டு, வருகிற முட்டையைக் குஞ்சு பொரிக்கிற இடத்துக்கு அனுப்புவோம்.

இதில் பெட்டையைப் பற்றிக் கவலையே கிடையாது சார். பெட்டை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். சேவல்தான் தலைவலி. சேவல் மந்தமானால் அத்தனையும் கூமுட்டை. அதனால் சேவலுக்குத் தனித் தட்டு. உயரத்தில் கட்டித் தொங்கவிடுவோம், பெட்டைக்கு எட்டாது. பெட்டையின் தட்டுக்கு மேலே கம்பி, அதில் சேவலின் கொண்டை நுழையாது. சேவலுக்கு அளந்துதான் தீனி. வாரம் தவறாமல் காலைப் பிடித்துத் தூக்கி எடை போடுவோம். கொழுத்த சேவல் ஏறாது சார். ஏறினாலும் நிற்காது. நின்றாலும்... சரி விடுங்கள், பஸ்ஸில் பொம்பளைகள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், சேவலைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு இது வந்தது.

எது என்று கேட்காதீர்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள், படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். ரெண்டு வருஷமாக, ராத்திரியில், அதுதான். முதலில் களைப்பு என்று நினைத்தேன். பிறகு வெயில் என்று நினைத்தேன். மழைக்காலம் வந்தது. அப்புறம் நினைக்க ஒன்றும் இல்லை. மற்றபடி என் உடம்புக்கு ஒரு குறையும் கிடையாது. கொஞ்சம் தொப்பை, கொஞ்சம் குறட்டை, படி ஏறினால் மூச்சு வாங்கும், வாசலில் இருக்கிற தோட்டத்துக்கும் காரில்தான் போவேன். அவ்வளவுதான்.

ருக்குமணி ஒரு நாள், "பரவால்லீங்க, தூங்குங்க," என்றாள். இந்தப் 'பரவால்லீங்க' இருக்கிறதே சார், அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

யாரிடம் போய்க் கேட்பது? ஊரில் டாக்டர் இருக்கிறார், ஆனால் அவர் கம்பவுண்டர் என் சித்தப்பா மகன். எனக்கு நம்பிக்கையான ஆள் ஒருத்தர்தான். எங்கள் பண்ணைக்கு வருகிற கால்நடை டாக்டர் கனகசபை. அவர் வந்தபோது சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன்.

"டாக்டர், ஒரு சேவல் இருக்குதுங்க. தீனி நல்லா எடுக்குது. பார்வைக்கும் நல்லா இருக்குது. ஆனா வேலைக்கு ஆகறதில்லீங்க."

"வயசான சேவலா?"

"வயசுன்னு சொல்ல முடியாதுங்க. நடு வயசு."

"கழிச்சுருங்க. எளஞ்சேவல் நாலு வாங்கி உள்ள விடுங்க. அடுத்த வாரமே முட்டை தேறிரும்."

இதே வார்த்தையை எத்தனை தடவை நானே என் ஆட்களிடம் சொல்லியிருப்பேன். கழித்துவிடு, இளசை விடு. "கழிக்காம எதாவது செய்ய முடியாதுங்களா? நல்ல சேவலுங்க அது. நல்ல கொணம்," என்றேன்.

"எடை என்ன இருக்கும்?"

"தொண்ணூத்தாறு கிலோ," என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. கனகசபை கையில் ஊசியோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "கவுண்டரே, நான் இறக்கை இருக்கறதுக்குத்தான் பாப்பேன்," என்று சொல்லிவிட்டு, கோயமுத்தூரில் ஒரு சர்க்கரை டாக்டரின் விலாசம் கொடுத்தார். மணிமொழி என்று பெயர்.

மணிமொழி என்றால் ஆம்பளையாகவும் இருக்கலாம் இல்லையா சார்? எங்கள் பக்கத்தில் ஒரு மணிமொழி லாரி ஓட்டுகிறான். நம்பிப் போனேன். உள்ளே போனால் என் மகள் வயசில் ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருக்கிறார். "சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?" என்றார்.

"முழங்கால் வலிங்க," என்றேன்.

முழங்காலைத் தட்டினார். ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் அதைப் பார்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "படுக்கையில பிரச்சினை எத்தனை நாளா?" என்றார். மழை எப்போது விட்டது என்று கேட்பது மாதிரி. எனக்கு வேர்த்துவிட்டது. "ரெண்டு வருஷம் இருக்குமுங்க," என்றேன். அதற்கப்புறம் முழங்காலைப் பற்றி ரெண்டு பேரும் பேசவே இல்லை.

அந்தம்மா கெட்டிக்காரி சார். சீட்டில் அவரைக்கொட்டை மாதிரி ஒன்று வரைந்தார். "இதுக்குப் பேரு மைட்டோகாண்ட்ரியா. உங்க உடம்புல ஏறக்குறைய எல்லா செல்லுக்குள்ளயும் இது நூத்துக்கணக்குல இருக்கு. நீங்க சாப்பிடறதை எரிச்சு, செல்லு வேலை செய்யறதுக்கு வேண்டிய சக்தியைக் கொடுக்கறது இதுதான். அடுப்புன்னு வெச்சுக்குங்க." அடுப்பு என்றதும் எனக்குப் பிடித்துக்கொண்டது. "அடுப்புல அளவுக்கு மேல விறகைத் திணிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"பொகையுமுங்க."

"அதான் உங்களுக்கு ஆயிருக்கு. நாள் பூராவும் சாப்பாடு. நடை கெடையாது. தூக்கம் கெடையாது. சக்கரை ஏறியிருக்கு. அடுப்பு பொகைஞ்சு பொகைஞ்சு ரத்தக்குழாயோட உள்சுவரைக் கெடுத்துருச்சு. அந்தச் சுவரு நல்லா இருந்தாத்தான் குழாய் விரியும், ரத்தம் பாயும். அந்த எடத்துல இருக்கற குழாய் நெஞ்சுல இருக்கறதைவிடச் சின்னது. அதனால அங்க மொதல்ல தெரியுது. இது உங்க இருதயம் முன்கூட்டியே அனுப்பற தகவல் சார்."

ரெண்டு வருஷமாக நான் அதை மட்டும்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அது பாவம், தகவல் கொண்டுவந்த ஆள்.

நான் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தேன். மருந்துக்கடையில் வாங்கியது. ஓடுகிற குதிரை படம் போட்டிருக்கும். "இதுலயும் அந்த செல்லு சக்தின்னுதாங்க போட்டிருக்குது," என்றேன். புரட்டிப் பார்த்தார். "இதுக்கெல்லாம் உறுதியான ஆதாரம் இல்லை. நடந்தீங்கன்னா புது மைட்டோகாண்ட்ரியா உண்டாகும். அதுக்கு ஆதாரம் இருக்கு. மாத்திரை தர்றேன், ஆனா மொதல்ல நடங்க, அளவாச் சாப்பிடுங்க, தூங்குங்க." வேறு என்னவோகூடச் சொன்னார். அடுத்த தடவை வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. டாக்டர்கள் சும்மா சொல்வதுதான், ஆள் கூட வந்தால் இன்னொரு சீட்டு எழுதலாமே. அதை விட்டுவிட்டேன்.

கடலையா? வேண்டாம் சார். நீங்கள் சாப்பிடுங்கள். எனக்கு இன்றைக்கு அளவு முடிந்துவிட்டது.

அளவாகச் சாப்பிடுங்கள் என்றார் அல்லவா, எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? என் தொழிலே அதுதானே. எங்கள் பண்ணையில் வளர்கிற பருவத்துச் சேவலுக்கு ஒரு நாள் தீனி போடுவோம், மறுநாள் போட மாட்டோம். ஒன்று விட்டு ஒரு நாள். எடை ஏறாமல் சுறுசுறுப்பாக இருக்கும். நானும் அப்படியே ஆரம்பித்தேன். இடைவெளி நாளில் வீட்டுக்குப் போனால் ருக்குமணி தட்டை வைப்பாள். "சாப்பிட்டுட்டேன்," என்பேன். "எங்கீங்க?" என்பாள். "வெளியில," என்பேன்.

மூன்றாவது வாரம் சேவல் கொட்டகையில் மயங்கி விழுந்தேன். சேவல்கள் சுற்றி நின்று பார்த்தன. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னபோது எழுந்தே நின்றுவிட்டார். "சக்கரை மாத்திரை போட்டுக்கிட்டு பட்டினி கெடந்தீங்களா? யாரு சொன்னாங்க?" சேவல் என்று எப்படிச் சொல்வேன்? பிறகு அவரே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். கொள்ளு, கேழ்வரகு, கீரை, முட்டை, எல்லாம் வேளை வேளைக்கு. பொழுது சாய்வதற்குள் கடைசிச் சாப்பாடு.

இதை ருக்குமணியிடம் சமைக்கச் சொல்ல முடியுமா? என்ன ஏது என்று கேட்பாள். சர்க்கரை என்று சொல்லலாம்தான். ஆனால் அவள் அண்ணனுக்கும் சர்க்கரை. சர்க்கரை வந்த வீட்டில் என்னென்ன நடக்கும், என்னென்ன நடக்காது என்று அவள் அண்ணி எப்போதோ அவள் காதில் போட்டு வைத்திருக்கிறாள். அதனால் பண்ணை ஆபீஸ் அறையில் ஒரு கேஸ் அடுப்பு வாங்கி வைத்து நானே சமைத்தேன். சேவலை எடை போடுகிற தராசிலேயே கொள்ளையும் எடை போடுவேன். கொள்ளுக்குப் பெருங்காயம் போட்டுத் தாளித்தால்தான் வாய்வு வராது, அதை யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். போனுக்குப் பூட்டும் போட்டேன். நான் தேடிப் படிக்கிற விஷயமெல்லாம் அப்படி, யாராவது எடுத்துப் பார்த்தால் மானம் போய்விடும்.

விடிந்தும் விடியாமல் நடைக்குப் போய்விடுவேன். அதற்கு ஷூ வாங்கினேன். என் அளவில் சிவப்புதான் இருந்தது. தூக்கம் கெடக் கூடாது என்று மாடி அறையில் தனியாகப் படுத்துக்கொண்டேன். எனக்குக் குறட்டை, அவளுக்கும் நிம்மதியாக இருக்கட்டுமே. பதினாலு கிலோ குறைந்தேன் சார். பழைய சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, புதிதாகத் தைத்தேன். முடிவெட்டுகிற கடைக்காரர், "கவுண்டருக்கு இப்பத்தான் வயசு திரும்புதாட்ட இருக்குது," என்று சொல்லி மீசைக்கும் சேர்த்து மை அடித்துவிட்டார். வீட்டில் என்னை அறியாமல் பாட்டுக்கூட வாயில் வந்தது.

எல்லாம் யாருக்காக? அவளுக்காகத்தான். முழுசாகச் சரியான பிறகு திடீரென்று ஒரு நாள்... அப்படி நினைத்து வைத்திருந்தேன்.

அவளும் நல்லபடியாகத்தான் விசாரித்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கும் வெளியிலதானுங்களா?" என்பாள். "ஆமா," என்பேன். "சாப்பாடெல்லாம் எப்படிங்க இருக்குது?" என்று ஒரு நாள் கேட்டாள். "பரவால்ல. உப்புத்தான் கொஞ்சம் கம்மி. ஆனா ஒடம்புக்கு ஒத்துக்குது," என்றேன். தலையை ஆட்டினாள். அப்புறம் ஒரு நாள் என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் அதை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். "நம்மூட்டுல நான் பெருங்காயமே போடறதில்லீங்களே," என்றாள். அவளுக்கு அந்த வாசம் ஆகாது, கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் கிடையாது.

நான் என்ன சொல்ல வேண்டும் சார்? ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். "நீயும் போட்டுப் பழகு. செரிமானத்துக்கு நல்லது," என்றேன்.

மறுநாள் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அழவில்லை, கத்தவில்லை. ஃப்ரிட்ஜில் தோசை மாவு அரைத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்துவிட்டுப் போனால் பள்ளிக்கூடத்தையே பூட்டியிருந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஓசூரில் இருக்கிற என் மகள் நித்திலா அன்றைக்குச் சாயங்காலம் போன் செய்தாள். எடுத்த எடுப்பில், "ஆருங்கப்பா அது?" என்றாள். எனக்குப் பகீரென்றது. டாக்டரம்மா விஷயம் தெரிந்துவிட்டது. "ஒனக்கு ஆரு சொன்னா?" என்றேன். "அம்மாவுக்கு எல்லாந் தெரிஞ்சுபோச்சு. மழுப்பாதீங்க," என்றாள். சரி, இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று, "கோயமுத்தூர்ல இருக்காங்க சாமி. நல்லவங்க. நான் இப்ப ஆளா நடமாடறதே அவங்களாலதான். மாசத்துக்கு ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்தர்றேன், அதுக்கு மேல ஒண்ணுமில்லை," என்றேன். "வயசு என்ன?" என்றாள். இதென்ன கேள்வி? "உன்ற வயசுதான் இருக்கும். வயசுல என்ன சாமி இருக்குது, கைராசிதான் முக்கியம்," என்றேன். போனை வைத்துவிட்டாள். இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை. அப்பனுக்கு இப்படி ஒரு வியாதி என்றால் பெற்ற மகள் போனை வைப்பாளா? காலம் அப்படி.

ருக்குமணி ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும் சார். நான் தொழில்காரன். இந்தச் சேவலால் இனி ஆகாது என்று முடிவு கட்டிவிட்டாள். கழித்துவிட்டாள். அவள் அண்ணன் தோப்பில் தேங்காய் போட வருகிறவர்கள் எல்லாம் இளவட்டம். நான் தப்பாக எதுவும் சொல்லவில்லை. தொழில் புத்தி, தானாக அங்கே போகிறது.

என்ன கேட்டீர்கள்?

அவளிடம் சொன்னேனா என்றா? எதை? வியாதியையா? அவளிடம் எதற்குச் சார் சொல்ல வேண்டும்? அவளும்தானே அங்கே இருந்தாள்.

இல்லை, டாக்டரிடம் போவதைச் சொல்லவில்லை. கொள்ளைச் சொல்லவில்லை. நடையையும் சொல்லவில்லை. கால்நடை டாக்டருக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும், இப்போது உங்களுக்குத் தெரியும். முன் சீட்டுக்காரருக்கும் தெரியும், ரொம்ப நேரமாக அவர் காது இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அவளுக்கு எதற்கு?

என்ன சொன்னீர்கள்? சத்தத்தில் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்.

வேறு வீடா?

யாருக்கு?

எனக்கா?

இருங்கள் சார். இருங்கள். வெளியில் சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். சரி. சட்டையில் பெருங்காயம். சரி. மாடியில் தனியாக... சிவப்பு ஷூ... மீசைக்கு மை... அய்யோ. நித்திலா. 'ஆருங்கப்பா அது'. உன் வயசுதான் இருக்கும் என்று என் வாயாலேயே... அய்யோ சார். அண்ணன்காரர்! அவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார்?

இல்லை, சிரிக்கவில்லை. சிரிப்பு தானாக வருகிறது. எனக்கு, சார்! வேறு வீடு! இந்த ஆளுக்கு! ரெண்டு வருஷமாகப் பக்கத்தில் படுத்துப் பார்த்தவள், எல்லாம் தெரிந்தவள், அவளே இவன் இன்னொரு வீடு பார்த்துக்கொண்டான் என்று நம்பியிருக்கிறாள் என்றால், என்ன அர்த்தம்? என்னை முடிந்துபோனவன் என்று அவள் நினைக்கவே இல்லை. கழிக்கவில்லை சார் அவள். இந்தச் சேவலுக்குத் தெம்பு இருக்கிறது, வேறு கொட்டகையில் திரிகிறது என்று நினைத்திருக்கிறாள். யாரும் என்னைப் பற்றி இவ்வளவு உயர்வாக நினைத்து நாளாகிறது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அவள் அழுதிருப்பாள் என்றா? அழுதிருப்பாள்தான். ஆமாம். தோசை மாவு வேறு அரைத்து வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு ஒரு யோசனை வருகிறது, கேளுங்கள். பேசாமல் ஒத்துக்கொண்டால் என்ன? ஆமாம், ஒருத்தி இருந்தாள், புத்தி கெட்டுப் போய்விட்டேன், இனிமேல் போக மாட்டேன், மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டால்? அண்ணன் ரெண்டு திட்டு திட்டுவார். ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனால் மரியாதை போகாது. நிஜத்தைச் சொன்னால்...

நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள் சார். உங்களுக்கு என்ன, சொல்லிவிடுவீர்கள். அந்த வார்த்தையை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான்.

போன். அவள்தான். பாருங்கள், பெயர் வருகிறது. இத்தனை நாளாக ஒரு தடவை கூப்பிடவில்லை. கொஞ்சம் பிடியுங்கள் இந்தக் கர்சீப்பை.

"அலோ. ருக்கு? ... ஆமா, பஸ்ஸுலதான். ஊஞ்சவேலம்பட்டி வரப்போகுது. ... எறங்காம அப்படியே திரும்பிப் போறதா? எதுக்கு? ... ஆரு, உங்கண்ணனா? பஸ் ஸ்டாண்டுலயா? கூட ஆரு? ... ரெண்டு பேரா? ... நீ எதுக்கு அழுகறே? ... நல்லா இருக்கட்டும்னா? நான் அடி வாங்காம நல்லா இருக்கட்டும்னா போன் பண்ணுனே?"

"இரு. வெக்காத. வெக்காத ருக்கு. நாஞ் சொல்றதைக் கேளு. அந்தப் பெருங்காயம் என்னுது. ... என்னுதுன்னா, நாந்தான் தாளிச்சேன். ... பண்ணையில. ஆபீஸ் ரூமுல. ... கொள்ளு. ... ஆருக்குமில்லை, எனக்குத்தான். ... அது டாக்டரம்மா. சக்கரை டாக்டர். ... ஏன் சொல்லலைன்னா... ஏன்னா... எனக்கு அது... ரெண்டு வருஷமா... அதான். ... அதேதான்! அது சரியாகோணும்னுதான் நடக்கறேன், அதுக்குத்தான் கொள்ளு, அதுக்குத்தான் ஷூவு! உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அடுப்பு இருக்குதாமா, எனக்கு அது பொகைஞ்சு போச்சாமா! ... சத்தமாவா பேசறேன்? பஸ் எரையுது, உனக்குக் கேக்கோணுமில்ல?"

"...ம். ...ம். ... சரி. ... சொல்லல. ஆருகிட்டயும் சொல்லல. ... சரி. வா."

வைத்துவிட்டாள்.

கொஞ்சம் தண்ணி கொடுங்கள் சார்.

முதலில் ஒரு சத்தம். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, அவளுக்கு ரெண்டும் போனில் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்புறம், "அது எனக்குத் தெரியாதுங்களா? அதுக்கென்ன இப்ப?" என்றாள். கேட்டீர்களா? அதுக்கென்ன இப்ப! நான் தொண்ணூற்றாறு கிலோவிலிருந்து இறங்கியிருக்கிறேன், சேவல் மத்தியில் மயங்கி விழுந்திருக்கிறேன், அவள் அதுக்கென்ன இப்ப என்கிறாள். "நான் வேக வெச்சுத் தர மாட்டனா கொள்ளு? நீங்க உப்புக் கம்மின்னு சொன்ன அன்னிக்கு, அவ எவளோ நல்லாச் சமைக்கறவ போலன்னு ராத்திரி பூராவும் முழிச்சுக் கெடந்தேன்," என்றாள்.

என் சமையலைப் பார்த்து அவளுக்குப் பொறாமை சார்.

முன் சீட்டு அண்ணா, நீங்கள் கேட்டது சரிதான், மணிமொழி. காந்திபுரத்தில். முழங்கால் வலி என்று சொல்லாதீர்கள், நேரம் வீணாகும். கண்டக்டரும் குறித்துக்கொள்கிறாரா? குறித்துக்கொள்ளட்டும்.

ஆனால் விஷயம் முடியவில்லை. அண்ணன்காரர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அவருக்கு ஒன்றும் தெரியாது. "அவர்கிட்ட நெசத்தை மட்டும் சொல்லிப் போடாதீங்க. அண்ணிக்குத் தெரிஞ்சுரும், அப்புறம் ஊரே சிரிக்கும். உங்களைப் பாத்து ஒருத்தரு சிரிக்கறதை என்னால பாக்க முடியாது. நான் ஸ்கூட்டியில கெளம்பிட்டேன், நான் வந்து, நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்னு சொல்லிக்கறேன். அது வரைக்கும் ரெண்டு வார்த்தை திட்டினா வாங்கிக்குங்க," என்கிறாள். பாருங்கள் சார், எனக்கு மானம் போகக் கூடாதாம். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்கள், அவளுக்கு எப்படித் தெரியும்.

வந்துவிட்டது. அதோ, பூக்கடை ஓரமாக வெள்ளை வேட்டியில் நிற்கிறாரே, அவர்தான். பக்கத்தில் ரெண்டு பேர். கையில் ஒன்றும் இல்லை, அது மட்டும் நல்லது.

சரி, நான் இறங்குகிறேன். நீங்கள் நடுவில் வரக் கூடாது, அவள் வருகிற வரைக்கும் நான் சமாளித்துக்கொள்வேன். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள் சார், நாலு ஊர் பார்த்தவர் நீங்கள். அவருக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது. வேறு வீடு வைத்திருக்கிறவன், பஸ்ஸிலிருந்து எப்படி இறங்குவான்? தலையைக் குனிந்துகொண்டா, நிமிர்ந்தா?

நிமிர்ந்துதான் இறங்குவான், இல்லையா?